தொட்டிக்குள் அடித்த நீலம்

“…சாமிக்கு வைக்கிறதைச் சாமானுக்கும் வைக்கிறதுதானே அண்ணை, நான் என்ன புதுசாவே செய்தனான்? நெத்தி எதெண்டு தேடிப் பாத்தன். இதுதான் நிமிர்ந்து நிண்டுது. இதிலை வைச்சனான்!”

தவராசா இதைச் சொன்னபோது அவர் கையில் வாழையிலைத் துண்டு இருந்தது, இலையில் மிச்சச் சந்தனம் இருந்தது. எனக்கு முன்னால் அவருடைய ட்ரம்ஸ் செற்றில் மூன்று காலில் நிற்கிற பெரிய ட்ரம்மின் கூடு. கூடு என்றால் தோல், வளையம், ஆணி எல்லாம் கழற்றிய வெறும் மர உருளை. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கருநீலம், இடுப்பு வெள்ளி. நீலம் எங்கே முடிகிறது, வெள்ளி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி ஒன்றுக்குள் ஒன்று கரைய விட்டு நான் அடித்து முடித்த வேலை. அந்த வெள்ளி இடுப்பின் நட்டநடுவில் மூன்று விரலால் இழுத்த விபூதி, அதன் மேல் ஒரு பெருவிரல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

“தொடக்கூடாதெண்டு சொன்னனானெல்லே?” என்றேன்.

“தொடேல்லையண்ணை. பூசினனான்.”

கராஜுகளில் பெயின்ற் அடிக்கிற கன்னைக் கையில் எடுத்திருக்கிற பிள்ளைகளே, இந்தப் பதிலை எழுதி உங்கள் ஷெட்டின் வாசலில் ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளருக்கு ஒன்று சொன்னால், அவர் அதை எப்படியெல்லாம் விளங்கிக்கொள்ளலாம் என்பதையும் யோசித்துச் சொல்ல வேண்டும். புது வானோ, பெயின்ற் அடித்த ஓட்டோவோ, எங்கள் சனம் அதை மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் கொண்டுபோய் ஒரு பொட்டு வைக்காமல் றோட்டில் இறக்காது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு ட்ரம்முக்கு நெற்றி தேடுவார்கள் என்று யார் கண்டது?

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் முகம் போன போக்கைக் கண்டு பயந்துபோய், வேட்டித் தலைப்பை எடுத்து மனிசன் அழுத்தித் துடைத்துவிட்டார். விபூதி பார்க்கப் பஞ்சு மாதிரி, ஆனால் காயாத பெயின்றுக்கு அது அரம். துடைத்த இடமெல்லாம் மேல் பூச்சுக் கீறுப்பட்டது. கீறல் வெள்ளிவரை இறங்கியது. கீறலுக்குள் சந்தன மஞ்சளும் குங்குமச் சிவப்பும் போய்க் குடியிருந்துவிட்டன.

அடித்து இரண்டு நாள் ஆகியிருந்ததே என்று கேட்பீர்கள். சவ வண்டி வைத்திருந்த ஒருவர் எனக்கு ஒரு தரம் சொன்னார்: “மணியம், பெயின்ற் காயிறது வேறை, ஆறுறது வேறை.” அவருடைய தொழிலில் பார்த்துச் சொன்னாரோ, என் தொழிலைப் பார்த்துச் சொன்னாரோ தெரியாது. ஆனால் அதைவிடச் சரியாக எந்த பெயின்ற் கொம்பனிக்காரனும் எனக்குச் சொன்னதில்லை. தொட்டால் விரலில் ஒட்டாது, அது காய்ந்தது. அழுத்தினாலும் தடம் விழாது, அது ஆறினது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாட்களில்தான் எங்கள் வேலைக்கு ஆபத்தெல்லாம் வரும்.

சரி, இந்தத் தவராசா யார்? பலாலி வீதியில் பஸ் ஓட்டுகிறவர். இளம் வயதில் எங்கள் பக்கத்து இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தபோது செற்று வீட்டில் அப்படியே கிடந்ததாம். யாரோ புண்ணியவான் கூடுகளுக்குள் விதை வெங்காயம் போட்டு வைத்திருந்தாராம். “வெங்காயம் காப்பாத்தின ட்ரம்ஸ் அண்ணை இது, இல்லாட்டி விறகாப் போயிருக்கும்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என்னிடம் கொண்டு வந்தபோது நீலம் உரிந்து, வெள்ளி கறுத்து, மணம் மட்டும் பசுமையாக இருந்தது.

கொண்டு வந்ததற்குக் காரணம் பாலன். பாலன் அந்த நாளில் ஓர்கன் வாசித்தவர், இப்போது குழுவைத் திரும்பக் கூட்டுகிறவர். கோயில் திருவிழா மேடை அவர் பொறுப்பு. அவர் தவராசாவுக்கு நேரே சொல்லிவிட்டார்: “மச்சான், உன்ரை செற்று மேடையிலை ஏத்தக்கூடின மாதிரி வந்தால் நீ வாசி. இல்லாட்டி இஞ்சை பக்கத்திலை திருநெல்வேலியிலை ஒரு தம்பி இருக்கிறான், அவன் தன்ரை செற்றோடை வருவான். தன்ரை செற்றிலை அவன் பிறத்தியாரைக் கை வைக்க விடான்.” பாலனைக் குறை சொல்ல ஏலாது. ஊர் முழுக்க வந்து முன்னால் இருக்கப் போகிற மேடை. ஆனால் தவராசாவுக்கு விளங்கியது ஒன்றுதான்: செற்று இல்லையென்றால் தானும் இல்லை. பாலன் திரும்ப ஒருமுறை கூட்டுவார் என்பதற்கும் உறுதியில்லை.

அந்தத் திருவிழாவின் காலைதான் இது. கச்சேரி அன்று பின்னேரம்.

முதலில் எனக்கு வந்த யோசனையைச் சொல்கிறேன். உங்களுக்கும் அதுதான் வரும். கீறின இடத்தை மட்டும் தேய்த்து, அதில் ஒரு கை வெள்ளி அடித்துவிட்டால் என்ன? ஒரே நிறமான கதவென்றால் செய்யலாம். கரைந்த நிறத்தில் செய்யக்கூடாது. வெள்ளிக்குள் இருக்கிற மினுக்கம் அடித்த திசையில் படுக்கும். துண்டாக அடித்தால் அந்தத் துண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு படுக்கும். மேடை வெளிச்சம் விழுந்ததும், “நான் இஞ்சை இருக்கிறன்” என்று அது சத்தம் போடும்.

பாலனுக்கு போன் எடுத்தோம். அவர் சுகமாக வழி சொன்னார்: “குழுவின்ரை பேரை ஒரு ஸ்ரிக்கரா அடிச்சு அதுக்கு மேலை ஒட்டிவிடுங்கோவன்.”

“அதை ஏன், பாலன், கூட்டிலை ஒட்டுவான்? என்ரை நெத்தியிலை ஒட்டிவிடும்” என்று சொல்லி போனை வைத்தேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்ன பிறகு எனக்கு முடிவும் வந்துவிட்டது. ஒட்டுப் போடுவதில்லை. கீறலைத் தேய்த்து எடுத்துவிட்டுச் சுற்றுமுழுக்க வெள்ளி, அதன் மேல் இரண்டு விளிம்பிலும் நீலம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பழைய செற்றுக்கு நான் எடுத்தது கெதியில் காய்கிற லாக்கர். புதுப் பூச்சுப் பழைய பூச்சை இளக்கி அதோடு ஒன்றாகிப் போகும். மற்ற பெயின்ற் என்றால் இப்படி ஒரே நாளில் யோசிக்கவே ஏலாது.

பெயின்ற் விடும். காற்று விடாது.

அது தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கிற சோளகக் காலம். என் ஷெட் மூன்று பக்கமும் திறந்தது. அந்த மாதங்களில் நான் விடியமுன் அடித்து முடித்துவிடுவேன், பிறகு கன்னைக் கழுவி வைத்துவிடுவேன். தவராசா கோயிலிலிருந்து வந்து பூசி, துடைத்து, நான் கத்தி, போன் பேசி முடிய வெயில் ஏறிவிட்டது, சோளகமும் எழும்பிவிட்டது. சுற்றிவர வெங்காயத்துக்குக் கொத்திப் போட்ட செம்மண் தோட்டம். காற்று ஒரு அள்ளு அள்ளினால் ஈரப் பெயின்றில் செங்கல் மாவு தூவினது மாதிரித்தான்.

“நிலத்துக்குத் தண்ணி தெளிப்பமே?” என்று தவராசா கேட்டார்.

“தெளிச்சா ஈரம் எழும்பி லாக்கர் பால் மாதிரி வெளுக்கும்.”

“சீலை கட்டி மறைப்பமே?”

என் மனிசி ஷெட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. “என்ரை சீலையைக் கட்டிச் சோளகத்தை நிப்பாட்டப் போறியளோ? கட்டுங்கோ கட்டுங்கோ, பிறகு சீலையைக் கீரிமலையிலை போய்த் தேடி எடுங்கோ.”

நான் வெளியே போய் நின்றேன். பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் எங்களுக்குக் கை பரபரக்கும். எதையாவது தூக்கு, எதையாவது தேய் என்று சொல்லும். அந்த நேரத்தில் கன்னை நிரப்பாதீர்கள். கன் நிரம்பியிருந்தால் மூளை தீர்ந்துபோகும். வெறுங்கையோடு வெளியே போய்ச் சும்மா பாருங்கள். நான் பார்த்தேன். வாழை கிழிந்து ஆடியது. கொடியில் சாறம் படபடத்தது. கிணற்றடித் தொட்டிக்குள் ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு இருந்தது.

அந்தத் தொட்டி முந்தித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து நிரப்பியது. குழாய் வந்த பிறகு காய்ந்துபோய்க் கிடந்தது. நெஞ்சளவு சீமெந்துச் சுவர். காற்று அதற்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. கோழியின் ஒரு இறகு ஆடவில்லை.

“இஞ்சேர், அந்தக் கோழியை எழுப்பும்” என்று மனிசியிடம் சொன்னேன்.

சந்தோசத்தில் உடனே குதிக்கவில்லை. தொட்டி என்றால் இன்னொரு ஆபத்து உண்டு. பெயின்றை இளக்கக் கலக்கிற தின்னரின் ஆவி பாரம். மேலே போகாது, கீழே தங்கும். மூக்குக்கு நல்ல முகமூடி, ஒரு பூச்சு அடித்ததும் உள்ளே நிற்கிறவர்கள் ஏறி வெளியே வந்து, உள்ளே காற்று மாறும்வரை நிற்பது, காற்று அடிக்கிற கொம்பிறசரைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வைத்துக் குழாயை மட்டும் இழுப்பது என்று முடிவெடுத்தேன். இதில் ஒன்றைத்தானும் விடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், வேலையை விடுங்கள்.

அதோடு, கூட்டைச் சுற்ற வைத்த மோட்டரும் உதவாமல் போச்சு. விளிம்பிலிருந்து நிறம் கரைய வேண்டுமென்றால் கன் அசையக் கூடாது, கூடுதான் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். மெதுவாகின இடத்தில் நிறம் தடிக்கும், வேகமான இடத்தில் வெளிறும். ஷெட்டில் நான் மா அரைக்கிற மெசினின் மோட்டரைப் பூட்டிச் சுற்ற வைத்திருந்தேன். ஓடும்போது அது உள்ளே சின்னதாய்ப் பொறி தட்டும். திறந்த ஷெட்டில் தூரத்தில் நிற்கிற மோட்டர் ஒரு கதை. தின்னர் ஆவி நிறைந்த தொட்டிக்குள் அதைக் கொண்டு போனால் நாங்கள் மூன்று பேரும் கோழியும் சேர்ந்து சந்நிதிப் பக்கம் போய் விழ வேண்டியதுதான். ஆகவே சைக்கிள் சில்லு ஒன்றைப் படுக்கப் போட்டு அதன் மேல் கூட்டை ஏற்றினேன். இனி ஒரு ஆள் கையால் சுற்ற வேண்டும்.

மனிசி என்னைப் பக்கத்துக்குக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னா: “அந்த மனிசனை வீட்டை அனுப்புங்கோ. பாவம், கை நடுங்குது. நான் சுத்துறன்.”

அவ சொன்னது நியாயம். கை நடுங்கியது உண்மை. தவராசா கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழை விட்டவரை வேலையிடத்தை விட்டு அனுப்புவதுதான் கராஜ் வழக்கம். நானும் எத்தனையோ பேரைத் தேத்தண்ணி வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவருடைய பஸ்ஸில் முன் சீற்றில் இருந்து போன நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. திருநெல்வேலி தாண்டி நெரிசலில் பஸ் நின்றால் ஸ்ரியறிங்கில் விரலால் ஒரு தாளம் போடுவார். கொண்டக்டர் கத்துவான், பின்னுக்கு லொறி ஹோர்ன் அடிப்பான், மனிசர் ஏறுவார்கள், இறங்குவார்கள். தாளம் மட்டும் பிசகாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

“தவம், வாரும். நீர்தான் சுத்துறீர்.”

“ஐயோ அண்ணை, இது நாசம் பண்ணின கை.”

“கை நடுங்கட்டும். தாளம் நடுங்குதோ எண்டு பாப்பம், இறங்கும்.”

இறங்கினார். முகமூடியைப் போட்டுவிட்டேன். வெறும் கன்னால், பெயின்ற் இல்லாமல், ஒத்திகை பார்த்தோம். முதலில் அவர் சுற்றின வேகத்துக்குக் கூடு பறந்துவிடும் போல இருந்தது.

“உது கலியாண வீட்டு அடி. எனக்குச் சாமி வீதி சுத்துற நடை வேணும்.”

“வெளி வீதியோ, உள் வீதியோ?”

“வெளி வீதி. வடக்கு வீதியிலை, மேளச் சமா நடக்கேக்கை சாமி மெல்ல மெல்ல வாறமாதிரி.”

முகமூடிக்குள் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அன்று காலை அதுதான் முதல் சிரிப்பு. பிறகு அவர் வாய்க்குள் ஏதோ சொல்லத் தொடங்கினார். “தும் தக, தும் தக.” விரல் நுனியால் சில்லின் விளிம்பைத் தட்டித் தட்டி விட்டார். கூடு சுற்றியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மோட்டர்கூட மின்சாரம் ஏறி இறங்க ஒரு முனகல் முனகும். இது முனகவில்லை.

வெள்ளி சுற்று முழுக்கப் போனது. வெளியே ஏறினோம், நின்றோம், இறங்கினோம். மேல் விளிம்புக்கு நீலம் அடித்தோம். அதுவும் போனது. கீழ் விளிம்பு நீலம் பாதியில் இருக்கும்போது கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது.

திருவிழா நாள், அது தொடங்காமல் இருக்குமா? பாட்டும் மெல்லிய பாட்டில்லை. தொட்டிச் சுவரெல்லாம் அதிரும் பாட்டு, தவராசாவின் நடையைவிட விரைவான நடை. அவர் விரல் அந்தப் பாட்டின் பக்கம் சாய்வதை நான் கண்டேன். சில்லு ஒரு கணம் உந்தியது. என் விரல் கன்னின் விசையை அழுத்தியபடி.

நான் ஒருவரிடமும் சேர்ந்து வேலை பழகவில்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் சந்தியில் பெயர்ப்பலகை எழுதிய ஒரு மனிசரை பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் பார்த்திருக்கிறேன். பெயரும் கேட்டதில்லை. ஒரு நாள் ஒரு லொறி ஹோர்ன் அடித்து அவர் கோடு வளைந்துபோனது. தூரிகையை எடுக்காமல் அப்படியே இழுத்து முடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “நடுவிலை நிப்பாட்டினாத்தான் தம்பி சனம் காணும்” என்றார். நான் கேட்கவுமில்லை, அவராகச் சொன்னார்.

கன்னை நிப்பாட்டினால் அந்த இடத்தில் ஒரு விளிம்பு விழும். கரைந்த நிறத்தில் விளிம்பு விழுந்தால் வேலை முடிந்தது. நான் நிப்பாட்டவில்லை, கையை ஒரு விரற்கடை பின்னுக்கு மட்டும் எடுத்து நிறத்தை மெல்லிசாக்கினேன். தவராசாவைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குழம்பியிருப்பார். அவர் கண்ணை இறுக்கி மூடினார். தலை தனியாக ஆடத் தொடங்கியது. ஒலிபெருக்கி ஒரு பக்கம் ஓடுகிறது, இவர் தலை இன்னொரு பக்கம் போகிறது. “தும் தக, தும் தக.” சில்லு பழைய நடைக்கு வந்து நின்றது. அந்தப் பாட்டு முடியும் மட்டும் அதை அவர் கிட்ட விடவில்லை. நான் கையை முன்னுக்குக் கொண்டுபோய் நீலத்தை முடித்தேன்.

வெளியே ஏறியதும் முகமூடியைக் கழற்றி, “எப்பிடியண்ணை?” என்றார்.

“சாமி வீதி சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வந்திட்டார்” என்றேன்.

கிளியரும் அடித்து, கூட்டைத் தொட்டிக்குள்ளேயே காய விட்டு, கோழி திரும்பி வராமல் மனிசியைக் காவல் வைத்தோம். காய்ந்த பிறகு அவ குனிந்து, கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தா. விரலைப் படவிடாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே கொண்டுபோனா, கீழிருந்து மேலே கொண்டுபோனா. “எங்கையப்பா நிறம் மாறுது?” என்றா. நாற்பது வருடத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்து, என் ஒரு வேலையைக்கூட நல்லாயிருக்கு என்று வாயால் சொல்லாத மனிசி. ஒரு பரிசு தந்தால்கூட அப்படிக் கேட்டதுக்கு ஈடாகாது. மோட்டரில் சுற்றி அடித்த மற்றக் கூடுகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, தொட்டிக்குள் அடித்ததுதான் திறம்.

பிள்ளைகள், நான் எத்தனையோ வாகனம் அடித்திருக்கிறேன். அந்தக் காலையில் செய்த மற்றதெல்லாம் உங்களுக்கும் பழகப் பழக வரும். ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தேனே, அதுதான் நான் செய்த வேலை. பிழை விட்டவரின் கையில் அந்தப் பிழையை அழிக்கிற வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அதில் அவர் காட்டுகிற கவனத்தை நீங்கள் கூலி கொடுத்து வாங்க ஏலாது.

பின்னேரம் ரப்பர் ரியூப் துண்டு வெட்டி ஆணிகளுக்கு அடியில் மெத்தையாக வைத்து, மெதுவாகப் பூட்டி, என் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். தவராசா ஏறி இருக்க மறுத்துவிட்டார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தே வந்தார்.

மேடையில் வெளிச்சம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலித் தம்பி தன் செற்றை உறையோடு கீழே வைத்துவிட்டு நின்றார். நாங்கள் ஏற்றிப் பூட்டினோம். வெளிச்சம் நீலத்தில் விழுந்து வெள்ளிக்கு வழுகியது. முன்வரிசையில் இருந்த பெண்கள் கதையை நிறுத்தினார்கள். பாலன் வந்தார், குந்தி இருந்து அந்தப் பெரிய ட்ரம்மைச் சுற்றிவரப் பார்த்தார். போனில் ரோர்ச் போட்டும் பார்த்தார். எங்கே கீறல் என்று தேடினார் போல. எழும்பினார்.

“வடிவாத்தான் வந்திருக்கு. ஒண்டும் சொல்லேலாது” என்றார். பிறகு தவராசாவின் தோளில் கை போட்டார். “ஆனால் மச்சான், நான் ஒண்டு யோசிக்கிறன். நீ கனகாலம் மேடையிலை வாசிக்கேல்லை. கை எப்பிடி நிக்குமோ தெரியாது. முதல் ரெண்டு பாட்டைத் தம்பி வாசிக்கட்டும், நீ ஆறுதலா இருந்து பார். பிறகு, சனத்தின்ரை போக்கைப் பாத்து…”

தம்பி என்ன செய்வது என்று தெரியாமல் உறையின் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தவராசா பாலனின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். ஸ்ரூலை இழுத்துப் போட்டு அதில் இருந்தார், சேர்ட் கையை மடித்தார், குச்சி இரண்டையும் எடுத்து அந்த நீல ட்ரம்மில் முதல் அடியை விட்டார். கோயில் வீதி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாலன் சொல்ல வந்த மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மேடையின் மற்றப் பக்கத்தில் இருந்த ஓர்கனுக்கு ஓடினார். அவர் ஓடிப்போய் இருந்து, விரலைக் கட்டையில் வைக்கும்வரைக்கும், தவராசா அதே அடியில் நின்று அவருக்காகக் காத்திருந்தார்.